சிங்கப்பூர் நீரிணைகளின் தாவர மிதவையுயிரிகள்: கூடுகின்றனவா, குறைகின்றனவா, மாறுகின்றனவா?

கிழக்குக்கரை ஆசிரியர் எழுதியது:

கடல் சூடாகிவருவதால் தாவர மிதவையுயிரிகள் (கடல்நீரில் மிதந்தபடி ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள்) அழிந்துகொண்டிருக்கின்றன, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பாதி போய்விடும் என்னும் செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் வலம்வருகிறது. கடல் பச்சையாகிவருகிறது, ஆகவே அவை பெருகிவருகின்றன என்னும் செய்தி அதன் பின்னாலேயே வருகிறது. தொடக்கக் கல்லூரியில் உயிரியல் கற்பிக்கும் என்னிடம் மாணவர்கள் இரண்டையும் காட்டி, எதை நம்புவது என்று கேட்கிறார்கள்.

இரண்டுக்கும் பின்னால் மெய்யான ஆய்வுகள் இருப்பதுதான் சிக்கல். 2010ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, 1899 முதல் கிடைக்கும் அளவீடுகளைத் தொகுத்து, உலகக் கடல்களில் இவ்வுயிரிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு வீதம் குறைந்துவந்திருக்கின்றன என்றது. 2023இல் அதே இதழில் வந்த இன்னொரு கட்டுரை, இருபது ஆண்டுத் துணைக்கோளப் பதிவுகளை ஆராய்ந்து, உலகக் கடற்பரப்பில் 56 விழுக்காட்டின் நிறம் மாறியிருக்கிறது என்றும், நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்கள் பச்சையை நோக்கி நகர்ந்திருக்கின்றன என்றும் சொன்னது. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைக்கும் குறைவான தொலைவில் வாழும் நமக்கு இது அயலார் செய்தி அன்று.

பாடநூல் சொல்வது எனக்குத் தெரியும். புவியில் ஒளிச்சேர்க்கையால் ஆண்டுதோறும் நிலைபெறும் கரிமத்தில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்களின் உழைப்பு. வெதுவெதுப்பான மேல்நீர் குளிர்ந்த அடிநீரோடு கலக்காமல் மிதந்துவிட்டால் அடியிலிருந்து ஊட்டச்சத்து ஏறாது, விளைச்சல் குறையும். ஆனால் இந்த விளக்கம் ஆழக்கடலுக்கு எழுதப்பட்டது. ஆழம் குறைந்த நம் சிங்கப்பூர் நீரிணைக்கும், நமக்கும் மலேசியாவுக்கும் இடையே, இருபுறமும் நகரங்கள் நெருக்கும் ஜோகூர் நீரிணைக்கும் இதை அப்படியே பொருத்தலாமா? கடலோடு தொழில்முறைத் தொடர்புள்ளவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒளிமானி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நீர்த்தர அளவீட்டுக் கருவிகளைப் பொருத்திப் பராமரிப்பது என் தொழில். ஆகவே அளவீட்டின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

முதலில் ஆக்சிஜன் அச்சத்தை ஒதுக்கிவிடலாம். கடலில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் மிகப் பெரும்பகுதியைக் கடலில் உள்ள உயிர்களே மூச்சுவிட்டும் மட்கச்செய்தும் செலவழித்துவிடுகின்றன. நம் தலைக்கு மேலுள்ள காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் என்பது பல கோடி ஆண்டுகளில் சேர்ந்த இருப்பு. தாவர மிதவையுயிரிகள் நலிந்தால் முதலில் தட்டுப்பாடு வருவது மீனுக்கும், மீனை நம்பியிருப்பவருக்கும், மூச்சுக்கு அல்ல.

அடுத்து, 2010ஆம் ஆண்டுக் கட்டுரை. நீரில் வெண்ணிறத் தட்டு ஒன்றை இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளும் செக்கி தட்டு முறை 1865இல் தோன்றியது. தட்டு விரைவில் மறைந்தால் நீரில் மிதவையுயிரிகள் மிகுதி என்று கணிப்பார்கள். பழைய காலத்துக்கு அந்தத் தட்டின் கணக்குகளையும், பிற்காலத்துக்கு நீர் மாதிரியிலிருந்து நேரடியாக அளந்த பச்சையத்தையும் அந்தக் கட்டுரை ஒரே வரிசையில் இணைத்திருந்தது. இரு வகை அளவுகளை ஒட்டும்போது, ஒட்டிய இடத்திலேயே பொய்யான சரிவு தோன்றிவிடக்கூடும் என்று மறு ஆண்டே அதே இதழில் வேறு ஆய்வாளர்கள் மறுப்பு எழுதினார்கள். ஆகவே அந்த 1 விழுக்காட்டை வகுப்பில் முடிந்த முடிவாகச் சொல்ல வேண்டாம்.

துணைக்கோளத்துக்கும் வரம்பு உண்டு. அது உயிரணுக்களை எண்ணுவதில்லை. கடலிலிருந்து திரும்பிவரும் ஒளியின் நிறத்தைப் பார்த்துப் பச்சையத்தைக் கணிக்கிறது. மேல்நீர் கலங்காமல் வெயிலிலேயே நிற்கும்போது, ஒளி மிகுதியாகக் கிடைப்பதால் ஒவ்வோர் உயிரணுவும் தன் பச்சையத்தைக் குறைத்துக்கொள்ளும். எண்ணிக்கை மாறாமலே பச்சையம் குறையும். கடல் 'வெளுத்துவிட்டது' என்று பதிவான சரிவுகளில் ஒரு பகுதி இத்தகையது என்று 2016இல் ஆய்வு வெளிவந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டுக் கட்டுரையும் நிறம் மாறியது என்று சொன்னதே தவிர, உயிரிகள் பெருகின என்று சொல்லவில்லை.

நம் கடலில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. கரையோர நீரில் சேறும், கரைந்த கரிமப் பொருளும் மிகுதி. கரைந்த கரிமம் நீல ஒளியை விழுங்குகிறது. பச்சையமும் நீல ஒளியைத்தான் விழுங்குகிறது. ஆழக்கடலுக்காக எழுதப்பட்ட கணிப்பு முறை இரண்டையும் பிரித்தறியாமல், பச்சையம் இருப்பதைவிட மிகுதியாக இருப்பதாகச் சொல்லிவிடும். சிங்கப்பூர் நீரிணையின் துணைக்கோள வரைபடத்தைப் பார்த்து எதையும் முடிவுகட்டுவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நுண்ணோக்கி எழுதியது:

ஒளிமானி சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று கேட்கும்போதே நாம் பாதி விஷயத்தைத் தவறவிடுகிறோம் என்பது என் எண்ணம். நீர் மாதிரிகளில் உள்ள உயிரணுக்களை இனம்பிரித்து எண்ணுவது என் அன்றாட வேலை. மொத்தப் பச்சையம் மாறாத இரண்டு போத்தல் நீரில் இரு வேறு உலகங்கள் இருக்கக்கூடும் என்பதை அந்த வேலை எனக்குக் காட்டியது.

எண்ணும் முறையைச் சற்றுச் சொல்கிறேன். செட்ஜ்விக் ராஃப்டர் என்னும் கண்ணாடிச் சில்லில் 50 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட ஒரு பள்ளம் இருக்கும். அதில் சரியாக ஒரு மில்லிலிட்டர் நீர் பிடிக்கும். அடியில் கட்டங்கள் கோடிட்டிருக்கும். ஜோகூர் நீரிணையின் நீரை அதில் இட்டுப் பார்த்தால், பெரும்பாலான மாதங்களில் ஸ்கெலிடோனிமா என்னும் டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) கண்ணில் படும். அதன் உயிரணுக்கள் மெல்லிய சிலிக்கா இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து சங்கிலியாக நீளும். சில சங்கிலிகள் கட்டத்தின் கோட்டைத் தாண்டிக் கிடக்கும். வேறு சில வாரங்களில் அதே இடத்து நீரில் சங்கிலிகள் அருகிப்போய், டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்னும் நீந்தும் இனத்தார் கட்டத்துக்குக் கட்டம் சுழன்றுகொண்டிருப்பார்கள். பச்சையக் கருவி இரண்டு வாரங்களுக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டக்கூடும். ஆனால் முதல் வாரத்து நீரைத் துடுப்புக்காலிகள் என்னும் மிகச் சிறிய இறால்வகை உயிர்கள் மேய்ந்து கொழுக்கும்; அவற்றை நெத்திலி தின்னும். இரண்டாம் வாரத்து நீரில் மீன் சாகலாம்.

இவ்விரண்டுமே நுண்ணோக்கியில் ஓரளவு பெரியவை. ஆழக்கடலில் மிகப் பெரும்பான்மையாக உள்ள புரோக்குளோரோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரின் குறுக்களவு 0.6 மைக்ரோமீட்டர்தான். 1980களில் உயிரணுக்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளக்கும் கருவியைக் கப்பலில் ஏற்றிய பிறகுதான் அது இருப்பதே தெரியவந்தது. 20 மைக்ரோமீட்டர்க் கண்ணுள்ள வலையை இழுத்து மாதிரி எடுக்கும் பழைய முறையில் அது ஒன்றுகூட அகப்படாது. கடல் வெப்பமடைந்து ஊட்டச்சத்து அருகும்போது இத்தகைய மிகச் சிறியவற்றின் கை ஓங்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. சிறிய உயிரணுவை நேரடியாக மேயத் துடுப்புக்காலியால் முடியாது. இடையில் ஒற்றைச்செல் விலங்குகள் ஓரிரு படி கூடிவிடும். ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மேலே போய்ச் சேர்கிறது. ஆகவே மொத்த விளைச்சல் குறையாமலே மீனுக்குக் கிடைப்பது குறையும்.

எனவே எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், எவை என்று கேட்குமாறு உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள், ஐயா.

உபின் வலைக்கூண்டு எழுதியது:

நுண்ணோக்கி அக்கா சொன்ன 'இரண்டாம் வாரத்து நீரை' நான் அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். ஜோகூர் நீரிணையில் உள்ள உபின் தீவை ஒட்டிய மிதவைப் பண்ணை ஒன்றில் கொடுவாவும் களவாவும் வளர்க்கும் வேலையில் இருக்கிறேன்.

2014 பிப்ரவரியில் ஜோகூர் நீரிணையின் இருபுறமும் உள்ள பண்ணைகளில் 160 டன் அளவுக்கு மீன் செத்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 77 பண்ணைகள் பாதிக்கப்பட்டு, 500 முதல் 600 டன் வரை போயிற்று. பல ஆண்டு உழைப்பு ஓரிரு நாள்களில் போனவர்கள் எங்கள் அண்டைப் பண்ணைகளில் உண்டு. தொழிலையே விட்டவர்களும் உண்டு.

வெளியாள்கள் நினைப்பதுபோல் நீர் எப்போதும் சிவந்து எச்சரிப்பதில்லை. கோழைபோல் ஒரு வழுவழுப்பு வலையில் தெரியும். நீர் பழுப்பாகத் தடித்திருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது. விடிவதற்கு முன்பே மீன் மேலே வந்து வாய் பிளக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பு மங்கி, கோழை படிந்திருக்கும். உள்ளே காற்றை அடிக்கும் பொறியை முழு வேகத்தில் ஓட்டினாலும் சில நாள்களில் பயனிருக்காது, ஏனென்றால் செவுளே பழுதாகிவிட்டது. பெரிய மீன் முதலில் சாகும்.

எங்கள் அனுபவத்தில் அரைநிலா நாள்கள்தான் பயம். அந்த நாள்களில் நீரோட்டம் வலுக்குன்றி, வந்த நீரே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். 2014இல் அதற்கு முன் வானமும் வறண்டு கிடந்தது. சிங்கப்பூரின் மழைப் பதிவில் அந்தப் பிப்ரவரி மிக வறண்ட மாதங்களுள் ஒன்று. இப்போது சில பண்ணைகள் வெளிநீர் புகாத மூடிய தொட்டிகளுக்கு மாறியிருக்கின்றன. எல்லாருக்கும் அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

என் கேள்வி ஒன்றுதான். இது வெப்பத்தால் வருவதா, அழுக்கால் வருவதா? எதைத் தடுத்தால் இது நிற்கும்?

நுண்ணோக்கி எழுதியது:

தம்பி, உங்கள் வருணனை நோயறிகுறியைப் படித்ததுபோல் தெளிவாக இருக்கிறது. 2014இல் மேற்கு ஜோகூர் நீரிணையின் மலேசியப் பக்கம் நிகழ்ந்த சாவுகளுக்குக் கார்லோடினியம் ஆஸ்திராலே என்னும் டைனோஃபிளாஜெல்லேட் காரணம் என்று மலேசிய ஆய்வாளர்கள் அந்த ஆண்டே கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே இருக்கும் உயிரணு அது. இந்தப் பேரினத்தில் பல, செவுளின் மென்சவ்வைத் துளைக்கும் நச்சுகளைச் சுரக்கக்கூடியவை. தங்களைப் போன்ற பிற நுண்ணுயிர்களைப் பிடித்து உண்ணவும் செய்பவை. ஒளி குறைந்தால் இரை, இரை குறைந்தால் ஒளி என்று இருவழியும் உள்ளவற்றை, ஒரு வழி மட்டுமே உள்ள டயாட்டங்கள் எளிதில் வெல்ல முடியாது.

விடியற்காலை மரணத்துக்கு இரண்டாவது காரணமும் உண்டு. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் அதே உயிரணுக்கள் இரவெல்லாம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன; அவை செத்து மட்கும்போது பாக்டீரியாக்கள் இன்னும் எடுத்துக்கொள்கின்றன. எனவே சூரியன் எழுமுன்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. நச்சும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வரும்போது எது கொன்றது என்று பிரித்துச் சொல்வது கடினம். பெரிய மீன் முதலில் சாவது மூச்சுத்திணறலோடு பொருந்துகிறது.

நீரோட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நீரிணையின் வடிவத்தோடும் தொடர்புடையது. சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்க 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம், தூண்கள்மேல் நிற்கும் பாலம் அன்று. கல்லைக் கொட்டி எழுப்பிய அணை. அதற்கு முன் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த நீர் அன்றிலிருந்து இரண்டு முட்டுச்சந்துகளாகப் பிரிந்தது. இரு கரைகளின் ஆறுகளும் கழிவுநீரும் கொண்டுவரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வெளியேற நெடுநேரம் எடுத்துக்கொள்கின்றன. திறந்த சிங்கப்பூர் நீரிணையைவிட ஜோகூர் நீரிணையில் பச்சையம் பல மடங்கு மிகுதியாக இருப்பதற்கு வெப்பம் காரணமில்லை. இரண்டிலும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றே. 2015இல் அப்போதைய வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையமும் வெப்பமான வானிலை, கரையிலிருந்து வடிந்த ஊட்டச்சத்து, அரைநிலா நாள்களில் நீர் மாறாமை ஆகிய மூன்றையும் சேர்த்தே காரணமாகச் சொன்னது.

பாம்பன் கரையோன் எழுதியது:

துவாசில் கப்பல் பட்டறையில் வேலை. பிறந்த ஊர் பாம்பன். இழையைப் படித்தபோது எங்கள் கடலின் நிலையும் இதோடு இணைவதாகத் தோன்றியது.

மன்னார் வளைகுடாவில் கடல் திடீரெனக் கரும்பச்சையாகி, மீன் ஒதுங்குவதைப் 'பூங்கோரை' வந்துவிட்டது என்பார்கள். செப்டம்பர், அக்டோபரில் காற்றும் நீரோட்டமும் அடங்கும் பருவத்தில் இது வரும். வந்தால் அந்தப் பக்கம் வலை போடுவதில்லை. 2008இலும் 2019இலும் பெரிதாக வந்தது. 2019 செப்டம்பரில் மண்டபத்தை ஒட்டிய தீவுகளில் மீனோடு பவளப்பாறையும் செத்தது. அது நாக்டிலூக்கா சிண்டிலன்ஸ் என்னும் உயிர் என்றும், அது மட்கியபோது நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியதே பவளம் சாகக் காரணம் என்றும் அடுத்த ஆண்டு ஆய்வுக்கட்டுரை வந்தது. 2019 ஆகஸ்ட்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததை ஊரே திரண்டு பார்த்ததே, அதுவும் இதே இனம்தான்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பூங்கோரை முன்பும் வந்ததுதான், ஆனால் இப்போதுபோல் அடர்ந்து வந்ததில்லை என்கிறார்கள். இதற்கும் கடல் சூட்டுக்கும் தொடர்பு உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

பச்சை நாக்டிலூக்கா வியப்பான உயிர். அது இரையையும் விழுங்கும். தன் உடலுக்குள் ஆயிரக்கணக்கான பச்சை நுண்பாசிகளைக் குடிவைத்து, அவை செய்யும் உணவையும் உண்ணும். அரபிக் கடலில் குளிர்காலத்தில் டயாட்டங்கள் பெருகிவந்த இடத்தை 2000க்குப் பின் இது பிடித்துக்கொண்டது. அடியிலிருந்து மேலேறும் ஆக்சிஜன் குறைந்த நீர் அதற்குச் சாதகமாகிறது என்று 2014இல் ஓர் ஆய்வுக் குழு சொன்னது. அந்தக் காரணத்தை ஏற்காதவர்களும் உள்ளனர். ஆனால் இடம் மாறியது உண்மை, அதன் விளைவும் உண்மை: நாக்டிலூக்காவைச் சால்ப்புகள் என்னும் கூழுடல் உயிர்களும் சொறிமீன்களும் உண்கின்றன, டயாட்டத்தை நம்பிய மீன்சங்கிலிக்கு அதனால் பயன் மிகக் குறைவு.

மேற்கு இந்தியப் பெருங்கடலில் ஆறு பத்தாண்டுகளில் தாவர மிதவையுயிரிகள் 20 விழுக்காடு வரை குறைந்திருப்பதாகவும், மேல்நீர் சூடேறிக் கலப்பு குறைந்ததே காரணம் என்றும் 2016இல் புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் எழுதினார்கள். ஆழக்கடலில் குறைவும், கரையோரத்தில் நச்சுப் பெருக்கமும் ஒரே காலத்தில் நிகழலாம். ஆசிரியர் ஐயாவின் மாணவர்கள் கொண்டுவந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று பொய்யாக்க வேண்டியதில்லை.

ஒளிமானி எழுதியது:

மேற்கோள்: "ஜோகூர் நீரிணையில் பச்சையம் பல மடங்கு மிகுதியாக இருப்பதற்கு வெப்பம் காரணமில்லை"

இந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு மறுப்பைச் சொல்ல விரும்புகிறேன். அப்படியானால் நம் நீரிணைகளைப் பொறுத்தவரை இது பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சே அன்று; சாக்கடை, உரம், அணை பற்றிய பேச்சு. எல்லாவற்றையும் பருவநிலையின் தலையில் கட்டினால், கையில் உள்ள தீர்வை நாமே கைநழுவவிடுகிறோம். புவி வெப்பத்தை ஜோகூரும் சிங்கப்பூரும் சேர்ந்து குறைக்க முடியாது. ஆற்றில் கலக்கும் நைட்ரஜனைக் குறைக்க முடியும். அதுவுமின்றி, நம் கடலின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 முதல் 31 பாகை செல்சியசுக்குள் நிற்கிறது. ஆழம் குறைவு, ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) வலுவானது. சிங்கப்பூர் நீரிணையில் நீர் மேலிருந்து அடிவரை கலந்தே இருக்கிறது. பாடநூல் சொல்லும் மேல்நீர்-அடிநீர்ப் பிரிவு இங்கே எங்கே இருக்கிறது?

நுண்ணோக்கி எழுதியது:

இந்த இழையில் வந்த மிக முக்கியமான கேள்வி இது. ஆகவே சற்று நீளமாகவே மறுமொழி எழுதுகிறேன்.

ஜோகூர் நீரிணையில் முதல் குற்றவாளி ஊட்டச்சத்து என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். அதிலும் அளவு மட்டுமல்ல, விகிதம் முக்கியம். டயாட்டத்துக்கு ஓடு கட்டச் சிலிக்கா வேண்டும். ஏறத்தாழ நைட்ரஜனுக்குச் சமமான அளவு வேண்டும். சிலிக்கா பாறை தேய்ந்து ஆற்றில் வருவது. கழிவுநீரும் உரமும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் கொண்டுவரும், சிலிக்காவைக் கொண்டுவருவதில்லை. ஆற்றை அணைகட்டித் தேக்கினால் நீர்த்தேக்கத்து டயாட்டங்களே சிலிக்காவைப் பிடித்து அடியில் படியவைத்துவிடும். தான்யூப் ஆற்றில் 1970களில் பேரணை எழுந்த பின் கருங்கடலுக்கு வந்த சிலிக்கா குறைந்து, டயாட்டங்களின் இடத்தில் பிற இனங்கள் பெருகியதை 1997இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் தீவின் வடபுறத்து ஆறுகளில் கிராஞ்சி, பொங்கோல், சிராங்கூன் எல்லாம் இன்று நீர்த்தேக்கங்கள். குடிநீருக்காக அவை தேவைப்பட்டன. அதைக் குறை சொல்லவில்லை. நீரிணையின் சிலிக்காவை நைட்ரஜனோடு சேர்த்து அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறேன்.

ஆனால் வெப்பம் ஒரு பொருட்டே அல்ல என்பதை ஏற்க மாட்டேன். நான்கு பாகைக்குள் நிற்பதே நம் உயிரிகளின் பலவீனம். குளிர்நாட்டுக் கடலின் இனங்களுக்குத் தங்கள் சராசரி வெப்பத்துக்கு மேலே வளர இடமுண்டு. வெப்பமண்டல இனங்களோ தங்களுக்கு மிக உகந்த வெப்பத்தை ஒட்டியோ அதையும் கடந்தோதான் இப்போதே வாழ்கின்றன. அதற்குமேல் சிறிது சூடேறினாலும் வளர்ச்சி செங்குத்தாக விழும். உலகெங்கிலுமிருந்து எடுத்து வளர்த்த இனங்களின் வெப்பத் தாங்குதிறனை ஒப்பிட்டு 2012இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, இடம்பெயரவோ தகவமைத்துக்கொள்ளவோ முடியாவிட்டால் வெப்பமண்டலக் கடல்களில்தான் இன வளம் மிகுதியாகக் குறையும் என்றது. துருவத்தை நோக்கி நகர்ந்து தப்பிக்கும் இனங்கள் உண்டு. ஆனால் நிலநடுக்கோட்டில் ஓர் இனம் போய்விட்டால் அந்த இடத்துக்கு வருவதற்கு இதைவிடச் சூடான கடல் வேறெங்கும் இல்லை.

மேல்நீர்-அடிநீர்ப் பிரிவு பற்றிய உங்கள் கருத்து சிங்கப்பூர் நீரிணைக்குச் சரி. இங்கே வேலை செய்வது வேறொன்று: ஒளி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை, நம் நீரிணைக்கு ஜாவாக் கடல் பக்கமிருந்து நீர் வருகிறது. வரும் வழியில் சுமத்ராவின் கிழக்குக் கரையில் உள்ள முற்றாநிலக்கரிச் சதுப்புகளிலிருந்து (முழுதும் மட்காத தாவரப் பொருள் தடித்துப் படிந்த நிலம்) வடியும் ஆறுகள் அதில் கலக்கின்றன. அந்த ஆற்று நீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் தென்சீனக் கடலின் தெளிந்த நீர் வரும்போது இந்தச் சாயம் குறைந்துவிடும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2017 முதல் சிங்கப்பூரின் தென்புறத்துக் குசு தீவு, ஹந்து தீவுப் பக்கங்களில் தொடர்ந்து மாதிரி எடுத்து இந்த ஆண்டுச் சுழற்சியைக் காட்டியிருக்கிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் ஒளி எட்டும் ஆழம் குறைகிறது. எட்டும் ஒளியிலும் நீலம் போய்ப் பச்சையே மிஞ்சுகிறது. எந்த நிறமியுள்ள இனம் எந்த ஒளியைப் பிடிக்கும் என்பது இனத்துக்கு இனம் மாறும். பச்சை ஒளியைப் பிடிக்கும் செந்நிறமி கொண்ட சைனெக்கோகாக்கஸ் போன்ற நுண்ணுயிர்களுக்கு அந்த நீர் ஏற்றது, நீல ஒளியை நம்பியவற்றுக்கு அல்ல. ஒளிமானி முன்பு துணைக்கோளத்தை ஏமாற்றும் கரிமம் என்று சொன்னாரே, அதே கரிமம் உயிரிகளின் வாழ்வையும் நேரடியாகத் தீர்மானிக்கிறது.

சதுப்புக் காட்டை வெட்டி வடிகால் தோண்டினால் முற்றாநிலக்கரியிலிருந்து கரைந்து வெளியேறும் கரிமம் கூடுகிறது என்பது 2013இல் போர்னியோ சதுப்புகளில் காட்டப்பட்டது. எனவே சுமத்ராவில் காடு வெட்டப்படுவதற்கும் குசு தீவின் அடியில் ஒளி மங்குவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இது பருவநிலை மாற்றமா, நிலப் பயன்பாட்டு மாற்றமா என்று கேட்டால், சுற்றுச்சூழல் மாற்றம் என்றுதான் சொல்வேன். அந்தச் சதுப்புகள் எரியும்போது வரும் புகைமூட்டத்தை நாம் எல்லாரும் அறிவோம். 1997இல் அந்தப் புகையின் இரும்புச்சத்து கடலில் விழுந்து ஊட்டியதால்தான் சுமத்ராவுக்கு மேற்கே உள்ள மெந்தாவாய்த் தீவுகளில் மாபெரும் பாசிப் பெருக்கம் தோன்றிப் பவளப்பாறைகள் மூச்சுத்திணறிச் செத்தன என்று 2003இல் ஓர் ஆய்வுக் குழு முன்மொழிந்தது. அந்த ஆண்டு அங்கே அடிநீரும் வலுவாக மேலெழுந்ததால் புகையின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் நாம் மூக்கை மூடிக்கொள்ளும் அதே வாரங்களில் கடலும் எதையோ பெறுகிறது என்பதை நாம் பொதுவாக எண்ணிப்பார்ப்பதில்லை, அது எனக்கு வருத்தமே.

ஒளிமானி எழுதியது:

நீண்ட மறுமொழிக்கு நன்றி. சிலிக்கா விகிதமும், ஒளியின் நிறமும் நான் போதிய கவனம் கொடுக்காதவை. எனினும் என் நிலைப்பாட்டின் நடுப்பகுதியை விட்டுக்கொடுக்கவில்லை: ஜோகூர் நீரிணையில் அடுத்த மீன்சாவைத் தடுக்க இன்று செய்யக்கூடியது, இரு கரையிலும் ஊட்டச்சத்தைக் குறைப்பதே. வெப்பம் கூடுவது அந்த வேலையை இன்னும் அவசரமாக்குகிறது என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். உலகின் மிகப் பரபரப்பான துறைமுகங்களுள் ஒன்று நம்முடையது. கப்பல்கள் தள்ளாடாதிருக்க ஏற்றிக்கொள்ளும் நிலைநீரோடு அயல்நாட்டு இனங்களின் உறங்கும் கூடுகளையும் சுமந்துவரும். நிலைநீரைச் சுத்திகரித்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்னும் அனைத்துலக உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு 2017 செப்டம்பரில்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முந்தைய காலத்தில் வந்து சேர்ந்தவை எவை என்பதை வண்டலைத் தோண்டிப் பார்த்தால்தான் அறிய முடியும்.

கிழக்குக்கரை ஆசிரியர் எழுதியது:

எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் கற்றுக்கொண்டேன். வரும் பருவத்தில் மாணவர்களை ஒரே நாளில் ஜோகூர் நீரிணைப் பக்கத்துச் சாங்கி கடற்கரை, சிங்கப்பூர் நீரிணைப் பக்கத்து லாப்ரடார் என இரண்டு இடங்களிலும் நீர் எடுக்கச் செய்து, முதலில் நிறத்தையும் செக்கி ஆழத்தையும் குறித்துவிட்டு, பிறகு நுண்ணோக்கியில் டயாட்டமும் டைனோஃபிளாஜெல்லேட்டும் என்ன விகிதத்தில் உள்ளன என்று பார்க்கவைக்கப்போகிறேன். ஜூலையிலும் ஜனவரியிலும் இதைச் செய்தால் இரண்டு பருவக்காற்றுகளையும் ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன்.

உபின் வலைக்கூண்டு எழுதியது:

அக்கா, பண்ணையில் வெப்பமும் ஆக்சிஜனும் நாள்தோறும் குறித்துவைக்கிறோம். நீர் சந்தேகமாக இருக்கும் நாளில் மாதிரி எடுத்து உங்களைப் போன்றவர்களிடம் கொடுத்தால் பயன்படுமா? எப்படி எடுத்துவைப்பது? முன்பு ஒருமுறை போத்தலில் எடுத்து மறுநாள் பார்த்தபோது உள்ளே எல்லாம் கரைந்து வெறும் கலங்கலாக இருந்தது.

நுண்ணோக்கி எழுதியது:

நிச்சயம் பயன்படும், தம்பி. அந்தக் குறிப்பேடு பல ஆண்டுக்கு இருந்தால் அதுவே ஒரு செல்வம், தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெருக்கம் இல்லாத சாதாரண நாள்களின் கணக்கு இருந்தால்தான் கெட்ட நாளின் கணக்குக்குப் பொருள் உண்டு.

கார்லோடினியம் போன்றவற்றுக்கு ஓடு இல்லை. வெப்பத்திலும் குலுக்கலிலும் எளிதில் வெடித்துவிடும். உங்கள் போத்தலில் நடந்தது அதுதான். ஒரே இடத்தில் இரண்டு போத்தல் எடுங்கள். ஒன்றில் லூகால் அயோடின் கரைசலை, நீர் இளந்தேன் நிறமாகும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள், இது எண்ணுவதற்கு. லூகால் இவற்றின் உருவத்தைச் சுருக்கிவிடும், இனம் காண அது போதாது. ஆகவே இரண்டாவது போத்தலில் எதையும் சேர்க்காமல், மேலே சிறிது காற்றிடம் விட்டு மூடி, வெயில் படாமல் நிழலில் வையுங்கள். ஐஸ்பெட்டியில் பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைக்க வேண்டாம், குளிர்ச்சியும் அவற்றைக் கொல்லும். அன்று நண்பகலுக்குள் உயிரோடு நுண்ணோக்கிக்கு அடியில் வந்துசேர வேண்டும். எடுத்த நேரம், ஆழம், ஓதம் ஏறிக்கொண்டிருந்ததா வடிந்துகொண்டிருந்ததா என்பது, அப்போதைய ஆக்சிஜன் அளவு, முந்தைய நாள் மழை பெய்ததா என்பது ஆகியவற்றைப் போத்தல்மேல் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். மை நனைந்தால் அழிந்துவிடும். மேல்நீரை மட்டும் எடுக்காதீர்கள். டைனோஃபிளாஜெல்லேட்டுகள் நீந்துபவை, பகலில் மேலேயும் இரவில் கீழேயும் இருக்கும், எனவே விடியலில் கூண்டின் அடிமட்டத்து நீரிலிருந்தும் ஒரு போத்தல் தேவை.

மீன் சாகத் தொடங்கிவிட்டால் முதலில் சிங்கப்பூர் உணவு அமைப்புக்குத் தெரிவியுங்கள்; மாதிரி அதன் பிறகு.